அந்த அடிக்குச் சொந்தக்காரி

அடிப்பதுதான் என் பிழைப்பு. திரையில் கதாநாயகன் கையை ஓங்குவான், வில்லன் முகத்தைத் திருப்புவான், இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் விழுகிற சத்தம் என்னுடையது. ஒலிக்கூடத்தில் ஜன்னலே இல்லாத ஓர் அறையில் எனக்கு வேலை. தரையில் கட்டம் கட்டமாக மணல், சரளைக்கல், பலகை, சிமெண்டு. சுவரோரம் மூட்டை மூட்டையாகப் பழைய செருப்புகளும் பூட்ஸுகளும். திரையில் ஆள் நடந்தால் நான் நடப்பேன், விழுந்தால் நானும் விழுவேன். கன்னத்தில் அறைந்தால் ஈரத் தோல் துண்டை எடுத்து என் தொடையில் ஓங்கிப் போடுவேன். எலும்பு முறிய வேண்டுமென்றால் முட்டைக்கோஸைத் திருகுவேன். திருகி முடித்ததை வீணாக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சமைத்தும் விடுவேன். "இன்னைக்கு யாரோட விலா?" என்று கேட்டுவிட்டுத்தான் என் கணவர் தட்டில் கை வைப்பார்.

என்னைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஆனால் இத்தனை வருஷம் அடித்துப் பிழைத்தும் ஓர் ஆளைக்கூட நான் கை நீட்டி அடித்ததில்லை. வாயால் அடித்தது உண்டு. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அன்றைக்கு ஒரு துரத்தல் காட்சிக்காகச் சரளைக்கல்லில் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவுப் பையன் பதிவை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். அவனை நாங்கள் 'காது' என்றுதான் கூப்பிடுவோம். எலி இருமினாலும் அவனுக்குக் கேட்கும். கையில் செல்போன் இருந்தது, முகத்தில் ஈயாடவில்லை. அக்கா, இது நம்ம பொண்ணு மாதிரி இருக்கே, பாருங்க என்றான்.

பார்த்தேன். பள்ளிக்கூடத்து நடைவழி. என் மகள் முதுகுப் பக்கமாக நிற்கிறாள். எதிரே அவளைவிட ஒரு தலை உயரமான பையன் சிரித்துக்கொண்டிருக்கிறான். அவள் கை எழும்புகிறது. பளாரென்று ஒரு சத்தம். கட்டடமே அதிர்ந்த மாதிரி இருந்தது. பையன் தடுமாறிச் சுவரில் சாய்கிறான், அத்துடன் படம் முடிகிறது. அதற்குள் ஊரே அதைப் பார்த்திருந்தது. கீழே ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதியிருந்தார்கள்.

பெற்றவள் என்ன செய்ய வேண்டும்? ஐயோ என்று பதற வேண்டும். நான் "இன்னொரு தடவை போடு" என்றேன். காது போட்டான். "திரும்பப் போடு" என்றேன். பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அது என் அடி. ஒரு சண்டைப் படத்துக்காக நானே என் தொடையில் போட்டு, அதன் அடியில் இடுப்புவார் சுண்டுகிற சத்தத்தையும் சேர்த்துச் செய்தது. தொடை கன்றிப் போய் உட்கார முடியாமல் கஷ்டப்பட்டதுகூட நினைவிருக்கிறது. எவனோ அந்தப் படத்திலிருந்து அதை உருவி, என் மகள் கையில் ஒட்டிவிட்டிருக்கிறான். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. போட்டது போட்டபடி, ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் செருப்புமாகக் கிளம்பி, வாசலில் காது கூப்பிட்டுச் சொன்ன பிறகு மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர் போல்தான் பேசினார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் மூச்சு விடாமல் சத்தத்தைப் பற்றிக் கொட்டித் தீர்த்தேன். வெறும் கை அப்படிச் சத்தம் போடாது, அது ஒட்டு வேலை, அந்தச் சத்தத்தைச் செய்ததே நான்தான், வேண்டுமானால் இங்கேயே செய்து காட்டுகிறேன் என்றேன். அவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"சத்தம் ஒட்டினதாவே இருக்கட்டும்மா. கை ஒட்டினது இல்லையே" என்றார்.

 அதற்குப் பிறகு அவர் பேசினார், நான் கேட்டேன். நான் அடித்த சத்தம் என்று பீற்றிக்கொண்டதே எனக்கு வினையாக வந்து நின்றது. வீட்டுக்குள்ளேயே இந்தச் சூழ்நிலை என்றால் பிள்ளை வேறு எப்படி வளரும் என்றார். அவளைக் குற்றவாளியாகப் பார்க்கவில்லை, பாதிக்கப்பட்டவளாகத்தான் பார்க்கிறேன் என்றார். வருகிற சனிக்கிழமை பெற்றோர் கூட்டம், பேச ஒரு மனநல மருத்துவரைக் கூப்பிட்டிருக்கிறது, திரையில் வருகிற வன்முறை பிள்ளைகளை எப்படிக் கெடுக்கிறது என்பதுதான் பேச்சு. அந்த மேடையில் என் மகள் ஏறி, படங்களைப் பார்த்துத்தான் இப்படி ஆனேன் என்று ஒரு பக்கம் வாசித்துவிட்டால் விஷயம் அத்துடன் முடிந்தது. இல்லையென்றால் டி.சி.யைக் கிழித்துக் கையில் கொடுக்க வேண்டியிருக்கும். கடைசி வருஷம், பொதுத்தேர்வு பக்கத்தில் வந்துவிட்டது, இந்த நேரத்தில் எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாது என்பதையும் வருத்தத்தோடு சொன்னார். வாசிக்க வேண்டியதை அவரே தட்டச்சு செய்து வைத்திருந்தார்.

வாங்கிக்கொண்டு வந்தேன். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? ஒரு வருஷம் போனால் போனதுதானே. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் என் கணவர், யாருக்கும் எதிர்வார்த்தை பேசாமலே தலை நரைத்தவர், அந்தப் பதிவை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று கேட்டார், தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். உன் வேலையைத்தானே திட்டுகிறார்கள், உன்னையா திட்டுகிறார்கள் என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார்.

மகள் சாப்பாட்டு மேஜையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை வரை வகுப்புக்கு வரக் கூடாதென்று சொல்லியிருந்தார்கள். தாளை எடுத்து நாடகப் பாத்திரம் போலக் குரலை மாற்றி வாசித்தாள். "தினமும் வன்முறைக் காட்சிகளைப் பார்த்துப் பார்த்து, எது நிஜம் எது நிழல் என்று தெரியாத நிலைக்கு நான் வந்துவிட்டேன்." அங்கே நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"இது யாரும்மா? எனக்கு இவளைத் தெரியாதே" என்றாள்.

நான் அதைக் காதில் வாங்காமல், என் புலம்பலை ஆரம்பித்தேன். சத்தத்தை ஒட்டினவன் யாரென்று கண்டுபிடிக்க வேண்டும், காதுவிடம் சொல்லி நிஜச் சத்தத்தோடு இருக்கும் பதிவைத் தேடச் சொல்லியிருக்கிறேன், உன் அடி அவ்வளவு பலமில்லை என்று நிரூபித்துவிட்டால் போதும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"அம்மா, எவ்வளவு சத்தம்னு நீ கேக்குற. எவ்வளவு பேர் பார்த்தாங்கன்னு அப்பா கேக்குறார். என்ன படம் பார்த்தேன்னு சார் கேக்குறார். ஏன் அடிச்சேன்னு யாராவது கேட்டீங்களா?"

கேட்கவில்லை. சுருக்கென்றது. காலையிலிருந்து அந்தப் பதிவைப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன், அதில் என் மகளை நான் கேட்கவேயில்லை. இந்தத் தொழிலில் இருக்கிறவளைத் தவிர வேறெந்தத் தாயும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க மாட்டாள்.

பிறகு சொன்னாள். அவள் வகுப்பில் ஒரு சிநேகிதி. கையடக்கமாக இருப்பாள், தனக்குத் தானே குருவி என்று பேர் வைத்துக்கொண்டவள், எங்கள் வீட்டுக்கு வந்து என் கையால் சாப்பிட்டிருக்கிறாள். காது சரியாகக் கேட்காததால் இரண்டு காதிலும் கருவி போட்டிருப்பாள். அது கொஞ்சம் தளர்ந்தால் விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். அந்த உயரமான பையன் கூடைப்பந்து அணியின் கேப்டன். பள்ளிக்குக் கோப்பை வாங்கிக் கொடுக்கிறவன். குருவி வாய் திறந்தாலே அவன் விசிலடிப்பான், வகுப்பே சிரிக்கும். சிரிப்பு பழகிப்போனதும் கருவியையே கழற்ற ஆரம்பித்தான். நடைவழியில் அவளைச் சுற்றி நின்றுகொண்டு, கருவியை ஒருவன் கையிலிருந்து இன்னொருவன் கைக்குப் போடுவார்கள். அவள் எதுவும் கேட்காமல் நடுவில் சுற்றிச் சுற்றி ஓடுவாள். இரண்டு பெண்களும் வகுப்பு ஆசிரியையிடம் சொன்னார்கள். விளையாட்டு ஆசிரியரிடம் சொன்னார்கள். கடைசியாகத் தலைமையாசிரியரிடமே போய்ச் சொன்னார்கள். வயசுப் பிள்ளைகளின் விளையாட்டு, பெரிதுபடுத்தாதீர்கள் என்று அனுப்பிவிட்டார். அன்றைக்குக் கருவி கீழே விழுந்து, ஒருவன் ஷூ காலால் அதை நகர்த்தி விட்டான். அப்போதுதான் இவள் கை எழும்பியது.

"படத்துல ஒரு அறை விட்டா எல்லாரும் அமைதியாயிடுவாங்கல்லம்மா. நானும் அப்படித்தான் ஆகும்னு நினைச்சேன்" என்றாள். "சப்புனு ஒரு சத்தம், அவ்வளவுதான். அவங்க சிரிப்பை நிறுத்தவே இல்லை. எனக்குத்தான் கை எரிஞ்சுது."

அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் உடைந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. உடனே தலைமையாசிரியருக்குப் போன் போட்டேன். அது வேறு விஷயம் அம்மா, இதையும் அதையும் கலக்காதீர்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். வேறு விஷயமாம்.

படம் பார்த்துப் பிள்ளைகள் எதையும் கற்றுக்கொள்வதே இல்லை என்று சொல்லிக் காது குத்த நான் வரவில்லை. எங்கள் தெருப் பையன்கள் பாதிப் பேர் திரையில் பார்த்த நடையைத்தான் நடக்கிறார்கள், முடிவெட்டுகிறவரிடம் நடிகர் படத்தைத்தான் நீட்டுகிறார்கள். ஓர் அறை விட்டால் உலகம் வாயை மூடிக்கொள்ளும் என்ற பொய்யை என் மகளும் அங்கேதான் கற்றாள். அந்தப் பொய்க்குச் சத்தம் கொடுத்தவளே நான். அந்த அளவுக்கு என் தலையில் கட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கண்ணெதிரில் ஒருத்தியின் காதைப் பிடுங்கி விளையாடுவதைப் பார்த்து வந்த கோபம் எந்தப் படத்திலிருந்தும் வந்ததில்லை.

இவ்வளவு நியாயம் பேசுகிறேனே, அப்புறமும் அவளிடம் என்ன சொன்னேன் தெரியுமா? வாசித்துவிடு என்றுதான் சொன்னேன். பழியை என் வேலை மேல் போட்டுவிடு, என் முதுகு தாங்கும், உன் தேர்வு முக்கியம் என்று கெஞ்சினேன். என் கணவரும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். அவள் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அந்தப் பையன் அப்பாவோடு உட்கார்ந்திருந்தான். குருவி அம்மாவோடு நடுவில் எங்கோ இருந்தாள், ஒரு காதில்தான் கருவி இருந்தது. நாங்கள் நுழைந்ததும் சில தலைகள் திரும்பின. அடி சத்தம் போடுகிறவள் இவள்தான் என்று ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்கே கேட்டது. என் மூஞ்சி திரும்பிய வேகத்தைப் பார்த்துக் கணவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

மருத்துவரம்மா நிதானமாகத்தான் பேசினார். பார்க்கிற காட்சி பிள்ளைகளைத் தொடாமல் போகாது, ஆனால் அது ஒன்றையே காரணமென்று பிடித்துக்கொள்ளக் கூடாது, வீட்டிலும் பள்ளியிலும் என்ன நடக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்றார். தலைமையாசிரியர் நன்றி சொல்லும்போது முதல் பாதியை மட்டும் திருப்பிச் சொன்னார். அப்புறம் விளக்கை அணைத்து அந்தப் பதிவைப் போட்டார்கள். அத்தனை பெரிய அரங்கத்தில் என் அடி விழுந்ததும் எல்லோரும் மூச்சை இழுத்தார்கள். யாரோ ஒருவர் ச்சே என்றார். வேலை என்று பார்த்தால் நன்றாகத்தான் செய்திருந்தேன், ஆனால் அதைக் கேட்க எனக்கே பிடிக்கவில்லை.

விளக்கு வந்ததும் என் மகள் மேடை ஏறினாள். கையில் அந்தத் தாள் இருந்தது. மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். இதைப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள், நானும் நாலு நாளாகப் படித்துப் பார்த்தேன், இதில் இருக்கிறவள் நான் இல்லை என்று சொல்லித் தாளை மடித்து மேஜையில் வைத்தாள். கணவரின் பிடி இறுகியது. 

அவள் அந்தப் பையனைப் பார்த்துத் திரும்பினாள்.

"உன்னை அடிச்சது தப்பு. படம்தான் அடிச்சதுன்னா, படம் வந்து மன்னிப்புக் கேக்கட்டும். அடிச்சது நான். அதனால நான் கேக்குறேன். மன்னிச்சுடு."

பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அப்பா கைகட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்துடன் அவள் இறங்கியிருந்தால்கூடத் தப்பித்திருப்பாள், மன்னிப்புக் கேட்டுவிட்டாள் என்று விட்டிருப்பார்கள். எனக்கே அந்த ஆசை வந்தது. இறங்குடி என்று மனசுக்குள் கத்தினேன்.

அவள் கூட்டத்தில் குருவியைத் தேடினாள். குருவி எழுந்து நின்று, சொல்லு என்பது போலத் தலையசைத்தாள். அதற்குப் பிறகு என் மகள் எதையும் பூசி மெழுகவில்லை. விசிலையும் சொன்னாள், கருவியைக் கைமாற்றிப் போட்டதையும் சொன்னாள், ஷூ காலையும் சொன்னாள். யார் யாரிடம் முறையிட்டார்கள், அவர்கள் ஒவ்வொருவரும் என்ன பதில் சொல்லி அனுப்பினார்கள் என்பதையும் சொன்னாள். குரல் நடுங்கத்தான் செய்தது, ஆனால் நிற்கவில்லை. தலைமையாசிரியர் நாற்காலியை விட்டு எழுந்து, நேரமாகிவிட்டது போதும் என்றார். அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"நான் அடிச்சதுக்குப் படம் காரணம்னு எழுதிக் குடுத்தீங்க. நாங்க அத்தனை தடவை வந்து சொல்லியும் நீங்க சும்மா இருந்தீங்களே, அதுக்கு எந்தப் படம் சார் காரணம்?"

மைக்கை யாரோ அணைத்துவிட்டார்கள். அரங்கம் சலசலத்தது. திமிரைப் பார் என்றது ஒரு குரல். அந்தப் பிள்ளை கேட்பதில் என்ன தப்பு என்றது இன்னொன்று. மருத்துவரம்மா தன் குறிப்புகளை ஓரமாக வைத்துவிட்டுத் தலைமையாசிரியரையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் முகம் சிவந்து போயிருந்தது. மேடையின் ஓரத்துக்கு வந்து, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி என்னைக் கூப்பிட்டார்.

"அம்மா, உங்க பொண்ணைக் கூட்டிட்டுக் கிளம்புங்க. டி.சி. திங்கட்கிழமை ரெடியா இருக்கும்."

எழுந்து நின்றேன். கணவரும் எழுந்தார். ஒரு வருஷம் போயிற்று, நிச்சயமாகப் போயிற்று. இப்போதே ஓடிப்போய் அவர் காலில் விழுந்து, சின்னப் பெண், தெரியாமல் பேசிவிட்டாள் என்று சொன்னால் ஒருவேளை மிஞ்சும். கணவர் என் கையை இழுத்தது அதற்காகத்தான் என்று நினைத்தேன். மேடையில் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்திருந்தாள். ஆனால் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்கிற முகம் இல்லை அது. எனக்கு அப்படியொரு பெருமை வந்தது, பயத்தை எல்லாம் மிதித்துக்கொண்டு வந்தது.

"சரி சார், கூட்டிட்டுப் போறேன்" என்றேன். "அவ ஒண்ணு கேட்டாளே, அதுக்குப் பதில் சொல்லுங்க. கேட்டுட்டுக் கிளம்புறோம்."

சொல்லிவிட்டு என் நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தேன். என் கணவர் வாசலை ஒரு தடவை பார்த்தார், மேடையை ஒரு தடவை பார்த்தார். பிறகு என் கையை விட்டுவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு அவரும் உட்கார்ந்தார்.